சட்டப் புத்தகத்தில் நான் ஒட்டிய தாள்

கண்டி நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் நம்பிக்கைப் பொறுப்புக் கம்பனி இருந்தது. தமது வீட்டையும் காணியையும் எங்கள் பெயரில் ஒப்படைத்துவிட்டுப் பலர் கண்மூடினார்கள். அவர்கள் எழுதிவைத்தபடி அவற்றை உரியவருக்காகக் காப்பதே எங்கள் தொழில். இன்று அந்த மாடியில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். படியேறும் இடத்தைக் கடக்கும்போது, கோதுமை மாப் பசையின் புளித்த வாடை இன்னும் எனக்கு வருகிறது.

அந்தப் பசை சட்டப் புத்தகத்துக்கானது. ஒரு சட்டம் திருத்தப்பட்டால் புதிய பிரிவை வெட்டி, பழைய பிரிவின் மேல் அதன் மேல்விளிம்பை மட்டும் ஒட்டுவோம். தாளைத் தூக்கினால் பழையது தெரிய வேண்டும். ஓரத்தில் ஒட்டியவர் கையெழுத்திட வேண்டும். அந்த வேலையை நான் எவரிடமும் கொடுத்ததில்லை. பக்கத்துக் கந்தோர்ச் சட்டத்தரணிகளும் எங்கள் புத்தகத்தையே வந்து பார்ப்பார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, எங்களைப் போன்ற கம்பனிகள் பற்றிய சட்டத்தைத் திருத்தும் சட்டமூலம், அதாவது பாராளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத வரைவு, அரச வர்த்தமானியில் வந்தது. குறித்த அளவு மூலதனம் இல்லாத கம்பனி இனிமேல் நம்பிக்கைப் பொறுப்பாளராக இருக்க முடியாது என்றது அது; எங்களிடம் அந்த அளவு இல்லை. சட்டமூலம் நிறைவேறிய செய்தியைப் பத்திரிகையில் கண்டேன். சட்டத்தின் அச்சுப் பிரதி கொழும்பிலிருந்து வர நாளாகும். காத்திருக்க மனமில்லாமல், கையிலிருந்த சட்டமூலத்தையே வெட்டி ஒட்டிக் கையெழுத்திட்டேன்.

எங்களிடம் அம்பிட்டியவில் ஒரு வீடு இருந்தது. பன்வில தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர், மணமாகாத தம் மகள் ஆயுள்வரை அதில் வாழ வேண்டுமென்று எழுதி, கம்பனியைப் பொறுப்பாளராக்கியிருந்தார். கம்பனி அப்பொறுப்பை வகிக்க முடியாமற் போனால் வீடு அவளுடைய அண்ணனான மகனுக்குச் சேரும். புத்தகத்தைப் பார்த்து, எமது தகுதி முடிந்துவிட்டது என்று இருவருக்கும் நானே கடிதம் அனுப்பினேன். அண்ணன் உடனே வீட்டுக்கு விலை பேசத் தொடங்கினார்.

மகளான அந்த அம்மா கந்தோருக்கு வந்து, கதிரையின் விளிம்பில் அமர்ந்தார்.

"ஐயா, கோட்டுக்குப் போயி இந்தச் சட்டமே செல்லாதுனு சொல்ல முடியாதுங்களா?"

"சட்டமூலமாக இருந்தபோது உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம், அம்மா. சபாநாயகர் சான்றுரைத்த பிறகு அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது."

"அப்ப எங்கண்ணன் சொல்றது தான் சட்டமாயிருச்சு" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம், மடவளையிலிருந்து வரும் என் நண்பரான சட்டத்தரணி, கொழும்பில் வாங்கிய சட்டத்தின் பிரதியோடு தேநீர் குடிக்க வந்தார். எங்கள் புத்தகத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டவர், சிரிக்கத் தொடங்கினார்.

"பாராளுமன்றத்துக்கு முந்தியே நீங்க சட்டத்த நிறைவேத்திட்டீங்களே, சேர்! குழுநிலை விவாதத்துல புதுசா ஒரு பிரிவு சேத்திரிக்காங்க. பாருங்க."

திருத்தத்துக்கு முன் ஏற்கப்பட்ட பொறுப்புகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது அந்தப் பிரிவு. சான்றுரைத்த சட்டத்தை நீதிமன்றம் விசாரிக்காது என்று அம்மாவிடம் நான் சொன்னது சரியே. ஆனால் நான் சட்டமென்று காட்டியது சட்டமாகவே இருக்கவில்லை.

கடிதத்தை மீளப்பெற உட்கார்ந்தேன். "சட்ட நிலைமையை மீளாய்வு செய்ததில்" என்று தொடங்கினேன். நண்பர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மீளாய்வாம்! அந்தம்மா படிச்சா என்ன வெளங்கும்? ஒங்க மானத்துக்கு ஒரு வேட்டி கட்டி வுடுறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் தேநீரை முடித்துவிட்டுப் போனார். பின்னர் அந்தத் தாளைக் கிழித்து, வேறு தாளில் எழுதினேன்: சட்டமூலத்தைச் சட்டமெனக் கொண்டது என் பிழை, கம்பனியே இன்னும் பொறுப்பாளர், ஆயுள்வரை வீடு உங்களுக்கு உரியது. அண்ணனுக்கும் ஒரு பிரதி தயாரித்தேன். இரண்டிலும் முழுப்பெயரோடு கையெழுத்திட்டேன். அத்தகைய வாசகம் அந்தக் கந்தோரிலிருந்து அதற்கு முன் வெளியே போனதில்லை.

தபாலை நம்பாமல், மறுநாள் காலை நானே அம்பிட்டியவுக்கு முச்சக்கரவண்டியில் போனேன். வாசலில் லொறி நின்றது. கட்டிலும் பெட்டிகளும் ஏறியிருந்தன. அண்ணன் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பிரதியை அவரிடமே கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் கறுத்தது.

"இம்புட்டுப் படிச்சவரு இப்புடியா எழுதுவீங்க? வாங்குறவங்கிட்ட வாக்குக் குடுத்துட்டேனே!"

"எழுதியது நான்தான். பழியை என்மேல் போடுங்கள்" என்றேன்.

அம்மா தம் கடிதத்தை இருமுறை படித்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் கடினமாக இருந்தது.

"அப்ப சாமான எறக்கலாங்களா, ஐயா?"

"இறக்கலாம்."

லொறிக்காரர் தனியாளாக இருந்தார். அண்ணன் மதிலோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். நான் கோட்டைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். "பாத்துங்கையா, படி இருக்கு" என்று முன்னால் நடந்து, அந்த அம்மா தம் வீட்டுக் கதவை அகலத் திறந்தார்.