எண்ணை மறைத்து அளந்த நட்சத்திரம்

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பிரேசர் டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதிலுள்ள மெல்லிய கம்பியை நிறமாலையின் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் நிறுத்தி, அளவை எழுத வேண்டும்.

ஒரு சூடான நட்சத்திரம் வந்தது. அசுர வேகத்தில் சுழல்வதால் அதன் கோடுகள் ஈரத்தில் ஊறிய மை மாதிரி அகன்று கிடந்தன. நடு எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

"இது வீங்கிச் சுருங்கித் துடிக்குதுன்னு நினைக்கிறேன். அப்படின்னா அதோட மேற்பரப்பு நம்ம பக்கம் வந்து போறதால, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கோடு நகர்ந்து திரும்பணும், பாருங்கம்மா" என்றார் அதிகாரி.

நாற்பது தகடுகளையும் படம் எடுத்த நேர வரிசைப்படி அளந்தேன். அவர் சொன்னபடியே கோடு போய் வந்தது. பூரித்துப்போனவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி டைப் செய்யக் கொடுத்துவிட்டு, என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

மறுநாள், அளந்த தகடு ஒன்றையே தெரியாமல் மறுபடி அளந்துவிட்டேன். வேறு எண் வந்தது. அடுத்து என்ன எண் வரவேண்டும் என்று முன்பே தெரிந்ததால், என் கையே கம்பியை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்குமோ?

தகடுகளின் மேலிருந்த வரிசை எண்களைக் காகிதம் ஒட்டி மறைத்து, கலைத்துத் தரும்படி பக்கத்து மேஜைத் தோழியிடம் கேட்டேன்.

"ஐயோ, சும்மா இரு. டைப்பே ஆயிடுச்சு, உனக்கு எதுக்கு இந்தத் தலைநோவு?" என்றாள். ஆனாலும் செய்து தந்தாள்.

மூன்று நாள் அளந்தேன். காகிதங்களைப் பிரித்து வரிசைப்படுத்தினால் அளந்த எண்கள் சிதறிக் கிடந்தன. துடிப்பே இல்லை.

அதிகாரியின் அறை வாசல்வரை போய் இருமுறை திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை உள்ளே போனபோது கட்டுரையை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இவ்ளோ நாள் என்னதான்மா அளந்தீங்க?" என்று கத்தினார்.

பிறகு அவரே உட்கார்ந்து அளக்கத் தொடங்கினார். அவர் அளந்து முடிக்க ஆன இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வரிசையாக அளந்தபோது அவருக்கும் துடிப்பு வந்தது. மறைத்துக் கலைத்து அளந்தபோது வரவில்லை.

"என் கையும் அதையேதான்மா செஞ்சிருக்கு" என்றார் மெதுவாக.

கட்டுரை தபாலுக்குப் போகவில்லை. என் வேலை நிரந்தரமாவதற்கு மேலும் ஒரு வருடம் பிடித்தது. அந்த நட்சத்திரம் உண்மையில் துடிக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படும்போதெல்லாம், முதலில் என் கண்ணைத்தான் சந்தேகிக்கிறேன்.