ஷூ ரேக்கும் ஒரு நலம் விசாரிப்பும்

சண்டை போடுகிற இருவருக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காருவதுதான் என் வேலை. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு.

அக்கம்பக்கத்துத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் தொண்டூழியர் நான். அதற்கு முன் பல ஆண்டுகள் சிறுவர் பக்கங்களுக்கு விடுகதைகளும் ‘வித்தியாசம் கண்டுபிடி’ படங்களும் தயாரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு படங்களில் வித்தியாசம் தேடிப் பழகிய கண்ணுக்கு, இரண்டு மனிதர்களிடம் ஒற்றுமை தேடும் வேலை வந்து சேர்ந்தது. படங்கள் எவ்வளவோ சுலபம். அவை ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பேசுவதில்லை.

அடுக்குமாடியில் குடியிருக்கும் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு மேல்வீடு இருக்கும். அங்கே ஏதாவது உருளும். உங்களுக்கும் ஒரு பக்கத்து வீடு இருக்கும். அங்கிருந்து ஏதாவது நீளும். வாருங்கள், நம் கஷ்டத்தைச் சேர்ந்தே சிரித்துத் தீர்ப்போம்.

கூரைக்கு மேல் கோலிக்குண்டு

எங்கள் தீவின் புக்கிட் மேரா வட்டாரத்தில் ஒருவர், மேல்வீட்டுப் பிள்ளைகள் எந்நேரமும் கோலிக்குண்டு உருட்டுகிறார்கள் என்று புகார் கொடுத்தார். மேல்வீட்டுக்காரரை அழைத்தேன். தனியாக வாழும் ஓய்வுபெற்ற மனிதர். பிள்ளையும் இல்லை, கோலியும் இல்லை. “என் தலைக்கு மேலதான் உருட்டுறாங்க, நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன்” என்றார். அவருக்கும் மேலே இருந்த குடும்பத்தைக் கேட்டால், அவர்களும் மேலே கையைக் காட்டினார்கள். அவர்களுக்கு மேலே மொட்டை மாடிதான்.

குழாய்க்குள் தண்ணீர் ஓடி நிற்கும்போது சுவருக்குள் அப்படி ஒரு சத்தம் வருமாம். விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து, படம் போட்டு, பொறுமையாக விளக்கச் சொன்னேன். புகார் கொடுத்தவர் முழுவதையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: “எல்லாம் புரியுது. ஆனா நான் இத்தன வருஷம் வளர்த்த கோபத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது? குழாயவா போய்த் திட்டுறது?”

நகராத ஷூ ரேக்

குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக். தாழ்வாரத்தின் கோடியில் இருப்பது ஜமீலாவின் வீடு. அதற்கு முந்தையது வித்யாவின் வீடு. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருவரும் எழுதலாம் என்றார்கள். “என் பேர மட்டும் அழகா வைங்க” என்பது ஒருவர் போட்ட நிபந்தனை.) ஜமீலா இங்கேயே பிறந்து வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தவர். வித்யா கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து, கணவரோடு அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடியேறியவர். வித்யாவின் வாசலில் ஒரு பெரிய ஷூ ரேக். அது தாழ்வாரத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு நின்றது. அதை எடுக்க வேண்டும் என்பது ஜமீலாவின் புகார்.

சந்திப்புக்கு முன்னால் இரு தரப்பிடமும் தனித்தனியே பேசுவது எங்கள் வழக்கம். அப்போது ஒருவர் சொல்வதை, அவர் அனுமதி இல்லாமல் மற்றவர் காதில் போடக்கூடாது. இந்த விதியை நான் அதற்கு முன் இவ்வளவு வெறுத்ததில்லை. ஏனென்றால் ஜமீலா சொன்னது இது: அடுத்த மாதம் அவருக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை. சக்கர நாற்காலியில்தான் வீடு திரும்புவார். ரேக் அங்கேயே நின்றால் நாற்காலி நுழையாது. சொந்த வீட்டுக்குப் போகமுடியாமல் மகள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கிடக்க வேண்டும்.

“இதைச் சொன்னால் அவர்களே நகர்த்திவிடுவார்களே” என்றேன்.

“சொல்லக்கூடாது டீச்சர். காலையில நான் ஒண்ணு கேட்டா வாயத் தொறந்து பதில் சொல்லாம மூஞ்சியத் திருப்புற பொண்ணு அது.” (நான் எங்கும் ஆசிரியையாக இருந்ததில்லை. ஆனாலும் நாங்கள் சமரசம் பேசும் இந்த அறைக்கு வருகிற எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.)

நகர மன்றத்துக்கு எழுதினால் எடுத்துவிடுவார்களே என்று கேட்டதற்கு, “ரேக்க எடுத்துட்டுப் போவாங்க, கோவத்த எடுத்துட்டுப் போவாங்களா?” என்றார். கடைசியாக இப்படி முடித்தார்: “என் முட்டியக் காட்டியா வழி கேக்கணும்? வழி எல்லாருக்கும் பொதுதானே லா!”

அடுத்து வித்யா. மரியாதையான பெண். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ங்க’ போட்டார். ரேக்கில் பாதி காலி என்று அவரே ஒப்புக்கொண்டார். வீட்டுக்குள் இடமும் இருந்தது. “பிறகு ஏன் நகர்த்த முடியாது?” என்றேன். “அந்தம்மா பேசற பேச்சு அப்படிங்க. என்னன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கு வாயில வராது” என்றார். பிறகு என் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொன்னார்: “நகத்தலாமுங்க, ஆனா அவங்க நகத்தச் சொல்றாங்களே, அதனாலதான் நகத்தல.”

அஞ்சடியில் ஒரு அபாயம்

ஜமீலா, வித்யா இருவருக்கும் தோதான நாளுக்குக் காத்திருந்தபோது, பூ வாங்க சிராங்கூன் சாலைப் பக்கம் போனேன். அங்கே நான் முன்பு சமாதானம் செய்துவைத்த இருவர் இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கடைகள். மாலைக்கடைக்காரரின் பூ வாளித் தண்ணீர், கடைகளின் முன்னால் கூரையோடு நீளும் நடைபாதையான அஞ்சடியில் வழிந்து கைபேசிக் கடைக்குள் போகும். கைபேசிக் கடைக்காரர் பதிலுக்கு ஒலிபெருக்கியை மாலைக்கடைப் பக்கம் திருப்பி வைப்பார். வாளி உள்ளே போக, ஒலிபெருக்கி வேறு பக்கம் திரும்ப, இருவரும் கைகுலுக்கிப் பிரிந்திருந்தார்கள்.

நான் போனபோது இருவரும் அஞ்சடியில் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த பையோடு ஓடிப்போய் நடுவில் நின்றேன். “என்ன ஆயிற்று? கைகுலுக்கியது மறந்துவிட்டதா?” இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முந்தைய நாள் காற்பந்து ஆட்டத்தில் அடித்தது கோல்தானா இல்லையா என்பதுதான் விஷயமாம். மாலைக்கடைக்காரர் என்னை அன்போடு ஓரமாக நகர்த்தினார்: “அந்தச் சண்ட முடிஞ்சுபோச்சு டீச்சர், அத நாங்க தொடுறதே இல்ல. இது பொழுதுபோக்குச் சண்ட, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

கறி பஃப்

ஒரு சனிக்கிழமை காலை ஜமீலாவும் வித்யாவும் வந்தார்கள். ஒரே புளோக்கிலிருந்து, வேறு வேறு வழியில். மேசைக்கு இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். ஜமீலாவின் முட்டி எனக்குத் தெரியும், சொல்ல முடியாது. வித்யாவுக்கு வாயில் வராத பேச்சு எதுவென்று எனக்குத் தெரியாது, கேட்க முடியாது. எதில் தொடங்குவது என்று புரியாமல், சூடான கறி பஃப் தட்டை வித்யாவின் பக்கம் நகர்த்திப் பொதுவாக ஒன்று கேட்டுவைத்தேன்: “வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?”

வித்யா தட்டைத் திருப்பித் தள்ளினார். கண் கலங்கிவிட்டது.

“நீங்களுமா டீச்சர்? குடிவந்த அன்னைக்கு, அந்த ஒரே ஒரு நாளுங்க, எங்க வீட்டு அடுப்பு வரல. இவங்க இடியப்பம் குடுத்தாங்க. நன்றி சொல்லித்தான் வாங்கினேன். மறுநாள் ஆரம்பிச்சாங்க பாருங்க! தினமும் லிஃப்ட்ல, நாலு பேர் நிக்கறப்ப, ‘என்ன வித்யா, பசியாறியாச்சா?’ சோத்துக்கு வழியில்லாமயா வந்தேன்? எங்க ஊர்ல அன்னதானப் பந்தியிலதாங்க பசியாறறதுன்னு சொல்வாங்க!”

நான் ஜமீலாவைப் பார்த்தேன். ஜமீலா என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். இங்கே பசியாறுவது என்றால் காலை உணவு சாப்பிடுவது. ரொட்டி தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு வருகிறவரிடமும் கேட்போம், பெரிய காரில் வந்து இறங்குகிறவரிடமும் கேட்போம். அதற்கு மேல் அதில் ஒரு பருக்கை அர்த்தம் கிடையாது.

“யா அல்லாஹ்! குட் மார்னிங் சொல்ற மாதிரி சொன்னேன் லா!” ஜமீலா மேசையில் கையை ஊன்றி எழப் பார்த்து, முட்டி வலிக்க மறுபடி உட்கார்ந்தார். “பதில் சொல்லாமப் போறியே, நான் என்ன தப்புப் பண்ணேன்னு எத்தன நாள் யோசிச்சேன் தெரியுமா?”

வித்யா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. சிரித்து ஓய்ந்ததும், “சரிங்க, அந்த ரேக் உங்களுக்கு என்னதாங்க பண்ணுச்சு?” என்றார். நான் அவசரமாகத் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சை, சக்கர நாற்காலி, மகள் வீட்டுக் கூடம் எல்லாவற்றையும் ஜமீலாவே சொன்னார்.

“ஐயோ, இத மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனுங்களே!” என்றார் வித்யா.

ஜமீலா தட்டை அவர் பக்கம் தள்ளினார்: “நீ மொதல்ல பசியாறிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன் லா!”

புதுப் புகார்

ரேக் அன்று மாலையே வீட்டுக்குள் போனது. ஜமீலா மருத்துவமனைக்குப் போய், நல்லபடியாகத் தம் வீட்டுக்கே திரும்பினார். புகார்க் கோப்பை மூடிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்துக் காலையில் வித்யாவிடமிருந்து அழைப்பு.

“டீச்சர், ஒரு கம்ப்ளெயின்ட்டுங்க. எங்க வாசல்ல வழிய அடைச்சிக்கிட்டு ஒரு வீல்சேர் நிக்குது. என்னால வெளியவே போக முடியல.”

மூடிய புகார்க் கோப்பை மறுபடி எடுத்தேன். “ஜமீலாவுடையதா? அவரிடம் சொன்னீர்களா?”

“சொல்லிட்டேனுங்க. கேட்டாத்தானே? எங்க வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, கோயம்புத்தூர் காப்பியில பால் பத்தல, இந்த ஊர்க் கோப்பிதான் கோப்பின்னு ஒரே சண்ட.” பின்னால் ஜமீலாவின் குரல் ஏதோ மறுத்தது. வித்யா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்களே வந்து தீர்ப்புச் சொல்லுங்க டீச்சர், பசியாறாம வாங்க!”

மனிதர்களால் பழைய சண்டையை விட்டுவிட முடியும் என்பதே நான் கண்டது, அதைவிட ருசியான புதியது ஒன்று பக்கத்து வீட்டிலேயே கிடைத்தால்.