கோய்ரெம்பா வருஷம்

லெய்ராங்கின் கணவன் கோய்ரெம்பாவின் பெயரை அந்த வருஷத்துக்கு வைத்துவிட்டார்கள். அரசர் மூன்று வருஷத்துக்கு முன்பு கொண்டுவந்த ஏற்பாடு இது. ஜாதகம் பார்த்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். வருஷம் அவன் பெயரால் வழங்கும். அந்த வருஷத்தில் அரசரும் குடிகளும் செய்யும் பாவமெல்லாம் அவன் தலைமேல். ஊர் செழித்தால் அவன் பெயரும் செழிக்கும். வெள்ளம் வந்தால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் 'கோய்ரெம்பா வெள்ளம்' என்றுதான் பேசுவார்கள்.

கோய்ரெம்பா படகு செதுக்குகிறவன். அரண்மனை கொடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்களிடமெல்லாம், "பாத்துப்பா, எம்மேல ஏத்திடாத" என்று சிரிப்பான்.

லெய்ராங்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சந்தையில் பொரி விற்றாள். சந்தை முழுக்கப் பெண்கள்தான். எல்லாருக்கும் குளிர்விட்டுப் போயிருந்தது. அரிசிக்காரி சௌபி படிக்குள் கட்டைவிரலை விட்டு அளந்தாள். கேட்டால், "ஒங்க வீட்டுக்காரர் இருக்காருல்ல அக்கா? தாங்குற தலைதானே!" என்றாள். உப்புக்காரிகள் கெக்கலித்தார்கள்.

லெய்ராங் மட்டும் கோபுரமாய்க் குவித்து அளந்தாள். அவள் செய்கிற பாவம் அவள் வீட்டுக்கே அல்லவா வந்து படுத்துக்கொள்ளும்? அந்த வருஷம் பொரிக்கு அவளிடம்தான் கூட்டம்.

மழைக்காலத்தில் நம்புல் ஆறு சந்தைக் கரையில் ஏறியது. ஆண்கள் அரசருக்குக் கூலியில்லாமல் செய்யும் முறைவேலைக்குத் தெற்கே கால்வாய் வெட்டப் போயிருந்தார்கள். வருஷத்தைச் சுமக்கிறவன் என்று விட்டுவைத்த கோய்ரெம்பா மட்டும் ஒற்றை மண்வெட்டியோடு கரையில் நின்றான். அவன் முகத்தைச் சிரிப்பில்லாமல் அவள் பார்த்தது அன்றுதான்.

லெய்ராங் பொரிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள்.

"ஏண்டி, இந்த மனுஷன் தலையில ஏத்துனீங்கல்ல? இப்ப எறக்குங்க. ஒரு பொய்ப்படிக்கு ஒரு கூடை மண்ணு!"

"பயித்தியமா அக்கா ஒனக்கு?"

"கரை ஒடைஞ்சா மொதல்ல மெதக்கறது ஒன் அரிசிதான்."

சௌபி இரண்டு கூடை சுமந்து போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டா?" என்றாள் ஓர் உப்புக்காரி. "எங்க வீட்டுக்கு அளந்ததே முப்பது இருக்கும்டி!"

"நீ உப்புல தண்ணி தெளிச்சது? அதுக்கு எத்தனை கூடை?"

அப்புறம் யாரும் தன்னுடையதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருத்தியுடையதை இன்னொருத்தி எண்ணினாள். சேறும் சிரிப்புமாய்க் கரை உயர்ந்தது. பிற்பகலில் தண்ணீர் புது மண்ணை நக்கிப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கியது.

கடைசியாக ஒரு கூடை வந்தது. சுமந்து வந்தவள் லெய்ராங்.

"நீயுமா? நீ என்ன பண்ணின?" என்றாள் சௌபி.

"வருஷத்துக்குப் பேரு வைக்க அரண்மனை ஆளு இவரத் தேடி வந்தப்ப, அப்படி ஒருத்தர் இந்த ஊர்லயே இல்லன்னு சொல்லிட்டேன்."

கோய்ரெம்பா கூடையை இறக்கி வாங்கினான். சிரித்த சிரிப்பில் பாதி மண் அவன் காலிலேயே கொட்டியது.

சித்திரையில் அடுத்த ஆளிடம் அவன் பாரத்தை ஒப்படைத்தபோது, வருஷத்தின் மேல் ஒரு பழியும் இல்லை. இன்றும் நல்ல விளைச்சலைக் கோய்ரெம்பா வருஷத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். கரைக்கு மட்டும் சௌபி கரை என்று பெயர். அதிகக் கூடை அவளுடையது.