அக்கா கடைக்கு வந்த நோட்டீஸ்

திண்டுக்கல்லில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே, வேப்பமரத்தடியில் அக்கா இட்லி அவித்து விற்கிறார். பத்தொன்பது வருஷமாக என் காலைச் சாப்பாடு அங்கேதான். கடைக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. காலேஜ் பிள்ளைகள் அக்கா கடை என்பார்கள். எவனோ அதைப் போன் மேப்பிலும் ஏற்றிவிட்டான்.

அங்கே பிடித்தது வினை. சென்னையில் ஏதோ ஓட்டல் கம்பெனியாம். 'அக்கா கடை' அவர்கள் பதிவு செய்த பெயராம். பதினைந்து நாளில் நிறுத்தாவிட்டால் வழக்காம். வக்கீல் நோட்டீஸோடு அக்கா என்னிடம் வந்தார்.

"நான் எந்தப் பேரும் வைக்கலையேப்பு. வைக்காத பேரை எப்புடி எடுக்குறது? கடை போச்சுன்னா மக நர்சிங் படிப்பும் போச்சே."

இரண்டு முறை வாசித்தேன். ஒரு எழவும் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய மேதாவி மாதிரி யோசனை சொன்னேன். 'இது அக்கா கடை அல்ல' என்று ஓர் அட்டையில் எழுதி மரத்தில் கட்டினோம்.

நாலாம் நாள் கம்பெனி ஆள் முகேஷ்குமார் வந்தார். முதல் வேலையாக அட்டையைப் போட்டோ எடுத்தார்.

"பேரு போர்டுலயே இருக்கே."

"இல்லைன்னுதானே தம்பி எழுதியிருக்கு?" என்றார் அக்கா.

"எப்படி எழுதினாலும் பேரு பேருதானேக்கா. இனிமே பயன்படுத்த மாட்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. கடையை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"அக்கான்னு யாராச்சும் கூப்புட்டா திரும்பிப் பாக்கலாமா?"

அவர் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டினார். "அது இதுல போடலக்கா."

இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்றே எனக்குத் தெரியவில்லை. அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அட்டையை நானே அவிழ்த்தேன்.

மறுநாள் காலை, தினமும் வரும் காலேஜ் பெண் தீபா, "அக்கா, நாலு இட்லி," என்றாள். அக்கா திரும்பவில்லை. சட்னிச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் வாய் திறந்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்புடு தாயி. கேஸ் போட்டுருவாக."



தீபா திருதிருவென விழித்தாள். "உங்க பேரு என்னக்கா?"

நீயே சொல்லுப்பு என்பதுபோல் அக்கா என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டவன் நான். எனக்கும் தெரியவில்லை.