எள்ளு தூவாத தட்டு

நிறுத்து பிச்சையம்மா. குடத்தை அப்படி வச்சுட்டு நான் சொல்றதையும் கேளு. எந்தம்பி ஆண்டியப்பனைக் கொரியாக் கோழிக்கடையில கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுனாங்கன்னு சொல்றியே, நீ பாத்தியா? பாக்கல. அந்தக் கடைப் பொம்பளை கோழியில மருந்து வச்சு மயக்கிட்டான்னு சொல்றியே, அவன் சாப்பிடுறதுல மருந்து வைக்க முடியுமா? உப்பு ஒரு கல்லு கூடுனாலே ஊரைக் கூட்டுற ஆளு அவன்!

"அப்ப, ரிட்டயர்டு ஆன மனுசன் ஞாயித்துக்கிழமையானா சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு டவுனுக்கு எதுக்கு ஓடுனாராம், ராக்காயி அக்கா?"ன்னு கேட்டா பிச்சையம்மா.

"குறை சொல்லப் போனான்"ன்னேன்.

குழாயடியே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும். நெசம் அதுதான். எம்பேத்தி இலக்கியாகிட்ட சொல்லி எழுதச் சொல்லியிருக்கேன். ஆளாளுக்கு ஒண்ணு பேசுறதுக்கு, நடந்தது ஒரு எடத்துல ஒழுங்கா இருக்கட்டும்.

ஆண்டியப்பன் எனக்கு நேர் இளையவன். கவர்மெண்டு பஸ்ஸு டிரைவரா இருந்தவன். வல்லத்திராக்கோட்டையில யாரு வீட்டு விசேசமானாலும் பந்தி விசாரிக்கிறது அவன்தான். பரிமாற ஆளு எத்தனை இருந்தாலும், எலைக்கு எலை குனிஞ்சு கேட்டுக்கிட்டே போக ஒருத்தன் வேணும்ல? "போதுமா மாப்ள? அங்கிட்டு ரசம் வரலையா? ஏலேய், இங்கிட்டு ஒரு கரண்டி கறி வையி!" இந்தப் பொறுப்பை யாரும் அவனுக்குக் குடுக்கல. அவனா எடுத்துக்கிட்டான், திருப்பி வாங்க ஒருத்தருக்கும் தைரியம் வரல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதி எலையில எந்திரிக்கிறவனத் தோளை அமுக்கி உக்கார வச்சு, "அந்த பஸ்ஸு டிரைவரு இன்னும் சாப்பிடலைய்யா, நீ உக்காரு"ம்பான். பாத்தா டிரைவரும் அதே பந்தியில இருப்பான்.

அப்பேர்ப்பட்டவன், பொண்டாட்டி வெள்ளையம்மா போனதுக்கப்புறம் உக்காந்து சாப்பிடுறதையே விட்டுட்டான். ஒரே மக திருப்பூர்ல கட்டிக்குடுத்த எடத்துல இருக்கா. நான் எதுத்த வீடு. கொழம்பு, கூட்டு எல்லாம் இங்கேருந்துதான் போகும். அடுப்பு மேடையில சட்டியை வச்சு, அதுக்குள்ளயே சோத்தைப் போட்டு நின்னமேனிக்குத் தின்னுட்டுக் கையக் கழுவிருவான்.

"உக்காந்து தின்னா என்னடா?"ன்னு ஒருநாள் வஞ்சேன்.

"உக்காந்தா, போதுமான்னு யாராச்சும் கேக்கணும்க்கா"ன்னான்.

எங்க வீட்டுக்குக் கூப்பிட்டாலும் கிண்ணத்தை வாங்கிக்கிட்டு வாசலோட போயிருவான். எந்தம்பி மறுபடி ஒரு எலைக்கு முன்னாடி உக்காருவானான்னுதான் எனக்குக் கவலை. வேற கவலை எனக்குக் கெடையாது. முட்டிவலியெல்லாம் ஒரு கவலையா?

வெள்ளையம்மாவுக்கு முத வருச தெவசம் முடிஞ்ச மறுவாரம் இலக்கியாவுக்கு மொத சம்பளம் வந்துச்சு. "அப்பத்தா, தாத்தாவையும் கூட்டிக்கிட்டு வா, புதுக்கோட்டையில கொரியன் சிக்கன் வாங்கித் தாரேன்"ன்னா. ஆண்டியப்பன் வரமாட்டேன்னான். புள்ள மனசு நோகுமேன்னு இழுத்துக்கிட்டுப் போனேன்.

கண்ணாடிக் கதவு, செவப்பு லைட்டு, ஏதோ பாட்டு. போய் உக்காந்தா ஒருத்தன் வந்து வாங்கன்னு சொல்லல. நாமளே போய்ச் சொல்லணுமாம், நம்பரு கூப்பிடுவாங்களாம், நாமளே தூக்கிக்கிட்டு வரணுமாம். உக்காந்திருந்தோம், உக்காந்தே இருந்தோம். எங்களுக்கு அடுத்து வந்தவனெல்லாம் கையக் கழுவிட்டுப் போயிட்டான். கைக்குப் பிளாஸ்டிக் உறை குடுத்தாங்க. "எதுக்குடி, பிரசவம் பாக்கவா?"ன்னேன். வெள்ளை வெள்ளையா ஒரு கிண்ணத்துல துண்டு வச்சிருந்தாங்க. தேங்காய்ச் சில்லுன்னு அள்ளிப் போட்டேன். புளிச்ச முள்ளங்கி! பக்கத்து மேசையில ஒரு பெரியவர், "தம்பி, சால்னா எங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒருத்தரும் பதில் சொல்லல.

கடைசியா எங்க நம்பரைக் கூப்பிட, இலக்கியா போய்த் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா. செவசெவன்னு பாகு பூசி மினுமினுங்குது. அதுக்கு மேல அள்ளித் தூவியிருக்கு, எள்ளு.

ஆண்டியப்பன் சட்டுன்னு எந்திரிச்சுட்டான். "போன வாரந்தான் ஊருணிக்கரையில எம்பொண்டாட்டிக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சுட்டு வந்தேன். இங்கயுமா எனக்கு எள்ளு? யாருய்யா இங்க பெரிய மனுசன்?"

கடை மொத்தமும் திரும்பிப் பாக்குது. முதலாளி கோபிநாத்து, சின்னப் பையன், மெட்ராஸ்ல படிச்சுட்டு வந்தவன், ஓடியாந்தான். "சார், கொரியாவுல இப்படித்தான் குடுப்பாங்க."

"கொரியா எந்த ரூட்டு தம்பி? நான் முப்பது வருசம் பஸ்ஸு ஓட்டியிருக்கேன், அப்படி ஒரு ஸ்டாப்பு நான் பாக்கல!"

அப்பத்தான் கவுண்டர்ல இருந்த பொம்பளை வந்துச்சு. நாப்பத்தஞ்சு அம்பது இருக்கும், தலையில செவப்புத் தொப்பி, அதுக்குக் கீழ நரைச்ச முடி. பேரு ராஜலட்சுமின்னு சட்டையில குத்தியிருந்ததை இலக்கியா படிச்சுச் சொன்னா. அவ சண்டைக்கு வரல. தட்டைக் கையில எடுத்துக்கிட்டா.

"எங்க வீட்டுக்காரருக்கு எங்க கொழுந்தனாரு எறைச்சப்ப நான் பக்கத்துல நின்னேன் சார். இங்க வேலைக்கு வந்த அன்னைக்கு எள்ளு டப்பாவத் தொட எனக்கும் கை வரல. உக்காருங்க. வேற போட்டுத் தாரேன்."

நம்பரெல்லாம் கூப்பிடல. அவளே எடுத்தாந்து வச்சா. ஒரு எள்ளு இல்ல. தின்னுட்டு, "இனிக்குது. கோழி ஏன் இனிக்கணும்?"ன்னான் ஆண்டியப்பன். "நானும் இதைத்தான் சார் தெனமும் கேக்குறேன்"னா அவ. சொல்லிட்டுச் சிரிச்சா பாரு, அவனுக்கும் சிரிப்பு வந்துருச்சு. வெள்ளையம்மா போன பெறகு எந்தம்பி பல்லை அன்னைக்குத்தான் பாத்தேன். அதுவும் உக்காந்துக்கிட்டு!

அடுத்த ஞாயித்துக்கிழமை சட்டையைத் தேச்சுக்கிட்டு நின்னான். "எங்கடா?"ன்னேன். "அந்தக் கடையில சொல்ல வேண்டியது பாக்கி இருக்குக்கா"ன்னான்.

அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. ஒருவாரம் கோழி ஆறிப்போயிருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்தான். ஒருவாரம் காரத்துல காதுல பொக வந்துச்சாம். இன்னொரு வாரம் எலும்பு இல்லாததைக் கேட்டா, எலும்பு மட்டும் வந்துச்சாம். டப்பா பெருசு, அடியில காகிதத்தை மடிச்சு வச்சு மேல நாலு துண்டுன்னு ஒருநாள் கத்திட்டு வந்தான். ஒவ்வொண்ணையும் ராஜலட்சுமிகிட்டத்தான் சொல்லுவானாம். அவ கையக் கட்டிக்கிட்டு முழுசாக் கேப்பாளாம்.

"கேட்டுட்டு என்னடா சொல்லுவா?"

"அடுத்த வாரமும் வந்து சொல்லுங்கங்குது."

இங்கதான் பிச்சையம்மா, நீ வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கணும். நம்மாளு சும்மா தின்னுட்டு வந்திருந்தா ஒரு வம்பும் இல்ல. சுத்தியிருந்த மேசையெல்லாம் இவன் கண்ணுக்குப் பந்தியாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. யாராச்சும் மூஞ்சி சுளிச்சா எந்திரிச்சுப் போயிருவான். "என்னங்க, போதலையா? அங்கிட்டு என்ன கொறை?" வந்த சனமெல்லாம் இவனத்தான் மேனேஜருன்னு நெனைச்சுக்கிட்டுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை ராஜலட்சுமி லீவு, ஏதோ சொந்தக்காரங்க வீட்டு விசேசம். கடையில கூட்டமோ கூட்டம். கொடும்பாளூர்ல இருந்து புள்ளைக்குப் பொறந்தநாளுன்னு ஒரு குடும்பம் வந்து காத்துக் கெடந்துச்சு. கடைசியில வந்தது வேற யாரோ கேட்ட கோழி. புள்ளை அழுகுது. நம்மாளு போய், "என்ன கொறை, சொல்லுங்க"ன்னான். அந்தாளு சொன்னாரு. அதைக் கேட்டு அடுத்த மேசையும் சொல்லுச்சு. அதுக்கடுத்த மேசையும். சால்னா கேட்ட பெரியவர் அன்னைக்கும் வந்திருந்தாராம், அவரு எந்திரிச்சு நின்னே சொன்னாராம். கடை முழுக்கக் கொறை. ஆண்டியப்பன் நடுவுல நின்னுக்கிட்டு, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க!"ன்னு டபுள் விசில் குடுக்காத கொறைதான்.

கோபிநாத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சார், எங்கடையில உக்காந்துக்கிட்டு ஆளைக் கெளப்பி விடுறீங்க. இனிமே வராதீங்க"ன்னுட்டான்.

இவன் நேராக் கதவுகிட்டப் போனான். அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளணும், இவன் இழுத்துக்கிட்டு நிக்கிறான். கோபிநாத்து பின்னாடி வந்து, இவன் தோளுக்கு மேல கைய நீட்டிக் கதவைத் தள்ளிவிட்டான். அந்நேரம் ரோட்டுல டீ குடிச்சுக்கிட்டிருந்த நம்ம ஊரு மூக்கன் பாத்தது அதைத்தான். அது ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள கழுத்தைப் புடிச்சுத் தள்ளுனதா ஆயிருச்சு.

வீட்டுக்கு வந்தவன் பழையபடி அடுப்பு மேடையிலதான். நின்னமேனிக்கு. சட்டைக்கு இஸ்திரியும் இல்ல. எனக்கு அந்தக் கோபிநாத்து மேல வந்த கோவத்துக்கு, நேர்ல இருந்திருந்தா முள்ளங்கியை அள்ளி அவன் வாயில திணிச்சிருப்பேன்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம். பஸ்ஸு ஸ்டாப்புல எறங்கி, டிரைவர் ஆண்டியப்பன் வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு ராஜலட்சுமி வந்து நிக்கிறா. தொப்பி இல்ல, சாதாரண பூப்போட்ட சேலை. எதுத்த வீட்டுல பூட்டுத் தொங்கவும் எங்க வீட்டு வாசலுக்கு வந்தா.

"வாத்தா, உக்காரு. என்ன விசயம்?"

"ஒரு கொறை சொல்லணும்மா"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்ன கொறை?"

"சொல்லாமக் கொள்ளாம வர்றத நிறுத்திட்டாரு. நான் லீவுல இருந்தேன், என்ன நடந்துச்சுன்னே தெரியல. கோபிநாத்துத் தம்பி இப்பத்தான் வாயத் தொறந்து சொல்லுச்சு. எல்லாரும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிருவாங்கம்மா, போய்ப் போன்ல திட்டி எழுதுவாங்க. இவரு ஒருத்தருதான் நேருக்கு நேரா என்கிட்டச் சொல்லிட்டு, போகும்போது, 'நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பாரு. நாள் முழுக்க நான்தான் எல்லாருக்கும் எடுத்து எடுத்து வைக்கிறேன். என்னை அப்படிக் கேட்ட ஆளு அவருதான்."

அந்நேரம் பாத்து ஆண்டியப்பன் தோட்டத்துல இருந்து வாரான். கையில மம்பட்டி, முட்டிக்கு மேல தூக்கிக்கட்டுன கைலி. இவளைப் பாத்ததும் கைலியை எறக்கி விடுறதா, மம்பட்டியைக் கீழ வைக்கிறதான்னு தெரியாம நிக்கிறான்.

நான் உள்ள போய் ரெண்டு எலை போட்டேன். அன்னைக்கு நாட்டுக்கோழிக் கொழம்பு.

"எனக்குக் கிண்ணத்துல குடுக்கா, நான் அங்கிட்டுப் போறேன்"னான்.

"அவரு நின்னா நானும் நிக்கிறேன்மா"ன்னு அவ எலை முன்னாடி எந்திரிச்சு நின்னுட்டா.

வந்த விருந்தாளியை நிக்க வைக்கலாமா? பந்தி விசாரிச்சவனாச்சே! உக்காந்தான். என் வீட்டுல, எலைக்கு முன்னாடி, சம்மணம் போட்டு. நான் சோத்தைப் போட்டேன், கொழம்பை ஊத்துனேன். வேணும்னேதான் போதுமான்னு கேக்கல. ராஜலட்சுமி தலையைத் திருப்பி, "போதுமா?"ன்னா.

அவன் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் சொல்றான், "கொஞ்சம் உப்புக் கம்மி."

என் கொழம்பை! வேற நாளா இருந்தா அகப்பையாலயே போட்டிருப்பேன். அன்னைக்கு எனக்குச் சிரிப்புத் தாங்கல. உப்பு ஜாடியத் தூக்கி அவ கையில குடுத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸு ஏத்திவிட நான்தான் போனேன். எனக்குச் சுத்தி வளைச்செல்லாம் பேச வராது. "ஏத்தா, அவனும் ஒத்தை, நீயும் ஒத்தை. ரெண்டு பேரும் மாறி மாறிப் போதுமான்னு கேட்டுக்கிட்டா ஊரு என்ன கெட்டா போயிரும்?"ன்னேன். அவ பஸ்ஸு வர்ற பக்கமே பாத்துக்கிட்டு நின்னா. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டா. காரியம் கெட்டுப்போச்சுடி ராக்காயின்னு நான் நெத்தியில அடிச்சுக்கப் போறேன், படியில நின்னு திரும்பி, "வாரேன் மதினி"ன்னா. மதினியாம்! கேட்டுக்க பிச்சையம்மா. அது வரைக்கும் அம்மா, அம்மான்னு இருந்தவ.

திருப்பூர்ல இருக்குற மகளுக்கு இலக்கியா போன் போட்டுக் குடுத்தா. நான் எப்படிச் சொல்றதுன்னு முழுங்குறேன், அவ, "பெரியத்தே, அப்பா உக்காந்து சாப்பிட்டாரா?"ன்னுதான் கேட்டா. சாப்பிட்டாருன்னேன். அங்கிட்டு அழுகுறா, இங்கிட்டு நான் அழுகுறேன், இலக்கியா போனுக்குச் சார்ஜு இல்லைன்னு கத்துறா.

கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் கோபிநாத்தே வந்தான், பெரிய டப்பா நெறையக் கோழி. "சார், அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க சொன்ன கொறையெல்லாம் ஒவ்வொண்ணாச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். சால்னாவும் போடுறோம்"ன்னான். நான் டப்பாவத் தொறந்து பொரட்டிப் பாத்தேன். ஒரு எள்ளு இல்ல.

ஆண்டியப்பனும் எட்டிப் பாத்தான். "எல்லாருக்கும் தூவுறியே, எனக்கு மட்டும் ஏன் தம்பி தூவல?"

கோபிநாத்து மூஞ்சியைப் பாக்கணும்! எந்தம்பி அவன் முதுகுல ஒரு தட்டுத் தட்டி, உக்கார வச்சு, தட்டைப் போட்டு, "நல்லாத் தின்னு தம்பி, கடைக்காரன் சாப்பிட்டானான்னு யாரு கேக்குறா"ன்னான்.

மறுநாள் விடிகாலை. கோயில்ல மாலை மாத்திக்கிட்டு, அப்படியே டவுன்ல ராஜலட்சுமி வீட்டுலயே இருந்துக்கிறதா ஏற்பாடு. அவளுக்கு வேலை அங்க இருக்கே. ஆம்பளை போய்ப் பொம்பளை வீட்டுல இருக்கலாமான்னு நீதானே பிச்சையம்மா கேட்டே? அவன் ரிட்டயர்டு ஆன ஆளு, எங்க இருந்தா ஒனக்கென்ன? பட்டுக்கரை வேட்டி, தேச்ச சட்டை. வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில குடுத்தான். வேன்ல ஆளுங்க ஏறியாச்சு. நேரமாச்சு, நேரமாச்சுன்னு டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

"ஒருவாய் சாப்பிட்டுப் போடா"ன்னேன். நின்னமேனிக்குக் கையில வாங்கிக்குவான்னு இட்லிக் கிண்ணத்தை நீட்டுனேன்.

அவன் கிண்ணத்தை வாங்கல. "எலை இல்லையாக்கா?"ன்னான்.

எலை போட்டேன். வேட்டி கசங்கப் போகுதுன்னு இலக்கியா கத்துனா. அவன் கேக்கல. சம்மணம் போட்டு உக்காந்து, நிதானமா, சட்னி கொஞ்சம் புளிக்குதுன்னு சொல்லி, அதையும் ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னான். போதுமா, போதுமான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கையக் கழுவிட்டு வாசப்படி தாண்டுனான். தாண்டும்போது குழாயடியில நின்ன உன்னைப் பாத்து, "சாப்பிட்டியா பிச்சையம்மா?"ன்னு கேட்டுட்டுத்தானே போனான்? நீ பதில் சொன்னியா? சொல்லல. எந்தம்பி அன்னைக்கு அப்படித்தான் போனான், வயிறு நெறைய.