இறால் அறைக்கு ஒரு பழைய வரி

லினக்ஸ் பொட்டலம் கட்டுவது என் தொழில் என்றால், எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பாதிப் பேர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் புரோகிராம்களை மலாக்காக் கடைகளின் கணினிகளுக்கு ஏற்றமாதிரி கட்டிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் இருக்கும்: கணினி எழுந்ததும் எது முதலில், எது பிறகு என்று சொல்லும் கட்டளைகள். அதில் ஆளாளுக்கு வருசக்கணக்கில் கைவைத்திருப்பார்கள். இப்போது புதிய தொடக்க முறை வந்துவிட்டது. பழைய மாற்றங்களை வைப்பதா, வெட்டுவதா? இந்தக் கேள்வியில் மண்டை காய்ந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

யாருக்கு இந்த வரி?

ஒரு ஸ்கிரிப்டில் “இதைத் தொடாதே” என்று ஒரு குறிப்பு. யார் எழுதியது, ஏன், ஒன்றும் இல்லை. விசாரித்தால், எப்போதோ மூடிப்போன ஓர் அச்சகத்தின் பிரிண்டருக்காம். கடையும் இல்லை, பிரிண்டரும் இல்லை. வெட்டினேன். எங்கும் எதுவும் நிற்கவில்லை. பக்கத்து மேசை குணாவுக்கு ஏக குஷி.

“பார்த்தீங்களாக்கா, எல்லாத்தையும் இப்படியே வெட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.”

சும்மா நிற்கும் வரி

அடுத்து வந்தது குளிர் அறைப் பொட்டலம். உஜோங் பாசிரில் இறால் மொத்த வியாபாரம் செய்யும் ராஜா அங்கிளுக்காகக் கட்டியது. அறையில் குளிர் குறைந்தால் அவர் போனில் அலாரம் அடிக்கும். அதன் பழைய ஸ்கிரிப்டில், தொடங்குமுன் கொஞ்சம் காத்திரு என்று ஒரு வரி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். குணா வெட்டு என்றான், நான் மாட்டேன் என்றேன். காரணம் தெரியாமல் வெட்டினால் அங்கிளின் இறால்தானே நாறும், குணாவின் மேசையா நாறும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பஞ்சாயத்து பாஸிடம் போனது.

“வச்சாலும் வெட்டினாலும் காரணம் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா குணா சொல்றபடிதான் லா.”

சாம்பிராணி நேரம்

நேரே உஜோங் பாசிர் போனேன். காலையில் கடை திறந்ததும் ராஜா அங்கிள் மெயின் சுவிட்சையே அடைத்தார். குளிர் அறை, விளக்கு, கணினி எல்லாம் கப்சிப். சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டி, கும்பிட்டுவிட்டு, ஒரே தட்டில் எல்லாவற்றையும் போட்டார். கணினி சட்டென்று எழுந்துவிட்டது. குளிரை அளக்கும் பெட்டி ஆற அமர எழுந்தது.

அந்த வரியை எடுத்துவிட்டு, மறுபடி ஒருதரம் அடைத்துப் போடச் சொன்னேன். கணினி பெட்டியைத் தேடியது, கிடைக்கவில்லை என்றதும் கைவிட்டு வாயை மூடிக்கொண்டது. இனி அறையே கொதித்தாலும் அலாரம் வராது. கிடைத்துவிட்டது காரணம்! அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. ஏன் அங்கிள் எல்லாவற்றையும் அடைக்கிறீர்கள் என்றேன். அவர் மலாக்காச் சிட்டி வம்சத்துத் தமிழர், தலைமுறைகளாக வீட்டில் மலாய்தான்; பதிலும் மலாயில்தான் சொன்னார்.

“சாமி கும்பிடும்போது மெஷின் உறுமிக்கிட்டு இருந்தா மரியாதையா இருக்குமாம்மா?”

மெர்டேக்கா அலாரம்

பாஸிடம் சாம்பிராணிக் கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டுத் தலையாட்டினார். பழைய ஸ்கிரிப்டை மொத்தமாகத் தூக்கிப்போட்டேன். அந்த வரியின் வேலையை மட்டும் புதிய முறையில் எழுதினேன்: பெட்டி பதில் சொல்லும்வரை தொடங்காதே. குணா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திர தினத்தன்று அங்கிள் வழக்கம்போல் சாம்பிராணி காட்டி, சுவிட்சைப் போட்டு, கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார். குளிர் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. போன் அலறியது; பாதி ஊர்வலத்தில் ஓடிவந்து சாத்தினார். ஓர் இறால்கூடக் கெடவில்லை. மறுநாள் ஆபீசுக்கு ஒரு பெட்டி இறால் வந்து இறங்கியது. நான் மார்தட்டிக்கொண்டேன், ஒளிப்பானேன். குணா பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

“அக்கா, கிளேபாங் கடை ஸ்கிரிப்ட்லயும் ஒரு வரி இருக்கு. வெட்டறதுக்கு முன்னாடி, காலையில பசியாறிட்டு ஒருவாட்டி போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?”

வெட்டுவதற்கு ஒரு விரல் போதும், வைப்பதற்குத்தான் உஜோங் பாசிர்வரை பெட்ரோல் போட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.