நண்டு முத்திரை அரிவாள்

நான் பள்ளிக்கூடம் போனதற்கு என் இடது கைதான் காரணம். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களெல்லாம் அறுப்புக்குப் போனபோது என்னையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையாகக் குனிந்து அறுக்கையில் எல்லோருடைய அரிவாளும் ஒரு பக்கமிருந்து வர, என்னுடையது மட்டும் எதிர்ப்பக்கமிருந்து வந்து பக்கத்தில் நின்றவளின் கைக்கருகே போய் நின்றது. அவள் அலறினாள். என்னை வரிசையின் கடைசிக்கு மாற்றினார்கள். அங்கேயும் என் அரிவாள் நெல் தாளை அறுக்காமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. உச்சி வெயில் வருவதற்குள் நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த நொட்டாங்கைய வயலுக்குள்ள விட்டா ஒருத்திக்கும் விரல் மிஞ்சாது. பள்ளிக்கொடத்துக்கே போவட்டும்" என்று சின்னம்மா தீர்ப்புச் சொன்னாள். அம்மாவின் தங்கை அவள். என்னை வளர்த்தவள். எங்கள் தெரு அறுப்பு ஆட்களுக்குத் தலைவியும் அவள்தான்.

அப்படிப் போனவள் படித்து, குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சராகிவிட்டேன். ஆனாலும் கூரான இரும்பின் மேல் இருந்த ஆசை போகவில்லை. சின்னம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது. மற்றப் பெண்கள் கடைத்தெருவில் வளையல் கடை முன்னால் நிற்பார்கள். நாங்கள் இருவரும் இரும்புக் கடை முன்னால் நிற்போம். சின்னம்மா அரிவாளை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, திரும்ப வைத்துவிடுவாள். கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உதயசூரியன் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும் எங்கள் பக்கம் கூலித் தகராறு ஓய்ந்தபாடில்லை. ஒரு வருஷம் சம்பா அறுப்பு சமயத்தில், மரக்கால் நெல் கூடுதலாகக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று ஆட்கள் சொல்ல, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறோம் என்று மிராசுதார்கள் சொல்ல, ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியது. போலீஸ் வேன் வந்தது. கலவரம் வந்துவிடக்கூடாதென்று சுற்றுவட்டாரத்திலிருந்த அரிவாள்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னம்மா வேனுக்குப் பின்னாலேயே நடந்தாள்.

"ஐயா, அத ஈரத்துல போட்டுறாதீங்க. துரு ஏறிடும்" என்று கான்ஸ்டபிளிடம் கெஞ்சினாள். கூலியைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு தாலுக்கா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து ஒரு வழியாக உடன்பாடு ஆயிற்று. அரிவாள்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்டேஷன் பின்கட்டில் அவை ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்றை இழுத்தால் பத்து கூடவே வந்தது. பெண்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, சிக்கெடுப்பதுபோல எடுத்தார்கள். சின்னம்மா நெடுநேரம் துழாவிவிட்டு, இது நம்முடையதுதான் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது எங்களுடையது இல்லை. இரும்பு நீலமாக மின்னியது. கருக்குப் பல் ஒவ்வொன்றும் ஒரே அளவு. பிடிக்குக் கிட்டே ஒரு சின்ன நண்டு முத்திரை குத்தியிருந்தது.

மறுநாள் அதை வைத்து அறுத்துவிட்டு வந்த சின்னம்மா சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"அறுக்கவே இல்லடி நான். சும்மா காட்டுனேன். தாள் தானா விழுந்துடுச்சு."

"யாரோட அருவாளோ அது சின்னம்மா. தேடிக்கிட்டு வருவாங்க" என்றேன்.

"வரட்டும். வந்தா குடுக்கப்போறேன்" என்றாள். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

தேடிக்கொண்டு வரவும் செய்தாள் ஒருத்தி. இரண்டு வாய்க்கால் தள்ளி இருந்த ஊர்க்காரி. சின்னம்மா வயதுதான் இருக்கும். நெடுநெடுவென்று உயரம். ஒவ்வொரு தெருவாகப் போய் அரிவாள்களைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒருவருமில்லை, எல்லோரும் வயலில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்த நான்தான் அவளை வயலுக்கு அழைத்துப் போனேன். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். வரிசை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. சின்னம்மா மட்டும் வரிசையை விட்டுவிட்டு வெகுதூரம் முன்னால் போயிருந்தாள்.

"தோ போவுது பாரு, அதான் என் அருவா" என்றாள் அந்த அம்மாள்.

சின்னம்மா நிமிர்ந்தாள். "நான் வெரசா அறுக்கறன்னா அது என் கை வேகம். அருவாளுக்கு என்ன வந்துது?"

"அப்ப இத வச்சு அதே வேகத்துல அறு, பாப்போம்." அந்த அம்மாள் தன் கையிலிருந்த பழைய அரிவாளை நீட்டினாள்.

சின்னம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு குனிந்தாள். நண்டு முத்திரை அரிவாளோடு அந்த அம்மாள் பக்கத்தில் இறங்கினாள். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பத்து பிடி அறுப்பதற்குள் சின்னம்மா பின்தங்கிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளின் முதுகுதான் தெரிந்தது. வயலே சிரித்தது. சின்னம்மாவும் சிரித்துவிட்டாள்.

"சரி தாயி, ஒன்னோடதுதான். வச்சுக்க. இத அடிச்ச கொல்லன் யாரு? அத மட்டும் சொல்லு."

அந்த அம்மாளின் முகம் சட்டென்று இறுகியது. "எங்கயோ சந்தையில வாங்குனது."

"எந்தச் சந்த?"

"ஞாபகம் இல்ல."

"யாரு வாங்கியாந்தது?"

"எங்க வூட்டுக்காரரு. அவரு செத்துட்டாரு."

அவர் உயிரோடுதான் இருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல கொல்லன் ஒருவன் கிடைத்துவிட்டால் அதை ஊருக்குச் சொல்ல யாருக்கும் மனசு வராது. சொன்னால் கூட்டம் கூடும், நம் முறை தள்ளிப்போகும்.

சின்னம்மா விடவில்லை. வெயிலில் அவ்வளவு தூரம் வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாதென்று வீட்டுக்கு இழுத்து வந்தாள். வாய்க்காலில் பிடித்த விரால் இருந்தது. ஆய்ந்து கொடுக்கச் சொல்லி என்னிடம் தள்ளினாள். நான் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு அரிவாள்மனை அறுக்காது, நசுக்கும். மீன் வழுக்கியது. ஒரு பக்கம் சதை பிய்ந்தது. வாலைத் துண்டாக்க நான் எழுந்து நின்று முழு பலத்தையும் போட்டேன்.

அந்த அம்மாள் சற்று நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அதுவும் முடியாமல் எழுந்து வந்து மீனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"தெய்வமே, இந்த மீனு என்ன பாவம் பண்ணுச்சு? தரங்கம்பாடிக்குப் போங்க. கோட்டைக்குப் போற தெருவுல, கடைசி பட்டறை. நான் சொன்னன்னு சொல்லாதீங்க. ஒங்க ஊருல ஒருத்திகிட்டயும் மூச்சு விடாதீங்க."

அடுத்த சனிக்கிழமையே நானும் சின்னம்மாவும் மாயவரம் போய்ப் பஸ் மாறித் தரங்கம்பாடியில் இறங்கினோம். கரிபடிந்த வேட்டியோடு ஒரு கிழவரை எதிர்பார்த்திருந்தோம். பட்டறையில் இருந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட டெரிலின் சட்டை, வழித்துச் சீவிய கிராப்பு, ஆணியில் தொங்கும் டிரான்சிஸ்டர். சம்மட்டி அடிக்க இரண்டு ஆட்கள். அவர் இரும்பைக் காய்ச்சுவதற்கும் தண்ணீரில் தோய்ப்பதற்கும் மட்டும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வருவாராம். முடிந்ததும் கை கழுவிவிட்டுத் திரும்பவும் சட்டை.

"மீன் முத்திரை எவன் வேணாலும் குத்துவான். நண்டு நான் மட்டும்தான்" என்பதுதான் அவர் எங்களிடம் சொன்ன முதல் வாக்கியம்.

காத்திருப்பவர்களுக்கென்று பெஞ்சு போட்டிருந்தார். அதில் முதலில் செங்கொடிச் சங்கத்துக்காரர் ஒருவர், சிவப்புத் துண்டோடு. அடுத்து, எங்கள் ஊர்ப் பெரிய மிராசுதாரின் காரியஸ்தர். தாலுக்கா ஆபீசில் ஒரே மேசையில் உட்கார மாட்டேனென்று இருவரும் முறைத்துக்கொண்டு நின்றதை ஊரே பார்த்திருந்தது. இங்கே ஒரே பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போனபோது காரியஸ்தர் தம்முடைய பாக்குவெட்டியை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோய்ச்சல் நல்லா வந்திருக்கு" என்றார் வேண்டாவெறுப்பாக.

"உங்க கத்தி?"

சங்கத்துக்காரர் மடக்குக் கத்தியை எடுத்து முன்கையில் ஓட்டினார். ரோமம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "அடேயப்பா" என்று காரியஸ்தர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டுத் தெருவைப் பார்த்தார்.

எங்களைக் கண்டதும் இருவருமே திடுக்கிட்டார்கள். "ஊருல சொல்லிடாதீங்க டீச்சர்" என்று காரியஸ்தர்தான் முதலில் கேட்டார். சங்கத்துக்காரர் மெதுவாகத் தலையாட்டி அதை வழிமொழிந்தார். என்ன ஆனாலும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்கள்.

காரியஸ்தருக்கு அவசரம். "மிராசுதார் ஆளு நான். எனக்கு முதல்ல குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

"கத்திக்குக் கட்சி கெடையாது சார். வரிசை உண்டு" என்றார் கொல்லர்.

கட்சி கிடையாதென்றாலும் கைப்பிடிக்குக் கட்சி இருந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் கறுப்பும் சிவப்புமாகக் கட்டை வேண்டுமென்பார்களாம். சங்கத்துக்காரர்களுக்கு முழுச் சிவப்பு. ஆளுங்கட்சி இரண்டாகப் பிரிந்த பிறகு நடுவில் வெள்ளை வைக்கச் சொல்லி ஒரு கூட்டம் வந்ததாம்.

"கட்சிய ஒடைக்கறவங்களுக்கு என்ன, ஒரு நாள் வேல. எனக்கு ரெண்டு வாரம் வெள்ளைக் கொம்பு தேடி அலைச்சல்" என்று அலுத்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. அவர் மேசையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சின்னம்மா பக்கம் எறிந்தார். சின்னம்மா வலது கையால் பிடித்தாள். வாங்கி என் பக்கம் எறிந்தார். நான் யோசிக்காமல் இடது கையை நீட்டிப் பிடித்தேன்.

"டீச்சர் நொட்டாங்கையா!" அவருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். "எந்தக் கைன்னு கேட்டா பாதிப்பேரு பொய் சொல்லுவாங்க. வெக்கம். அதான் பழத்த வீசறது."

பிறகு ஒரு கத்தியைக் காட்டி, சாணையில் ஒரு பக்கம்தான் சரிவு பிடிப்பது வழக்கம், அது வலது கைக்கானது, இடது கையில் பிடித்தால் வெட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்றார். அரிவாளில் பல் வெட்டுவதும் அப்படித்தானாம், ஒரு முகத்தில் மட்டும். "ஒங்களுக்கு எல்லாத்தையும் மாத்திப் போடணும். எனக்கும் இதான் மொதல் தடவ. ஆனா பிரமாதமாப் பண்ணிடுவேன்."

வரப்பில் உட்கார்ந்து அழுத அந்த நாள் முழுதும் என் கைதான் கோணல் என்று நினைத்திருந்தேன். பெஞ்சிலிருந்த சின்னம்மாவும் என்னைப் பார்த்தாள். "அருவா கோளாறா அது? நான் புள்ளையப் போட்டு அந்தத் திட்டு திட்டுனேனே" என்றாள்.

"நல்லதாப் போச்சு சின்னம்மா. இல்லாட்டி நான் டீச்சராயிருக்க மாட்டேன்."

"அதுவும் சரிதான்" என்று உடனே சமாதானமாகிவிட்டாள். அவர் விலையைச் சொன்னதும்தான் அந்தச் சமாதானம் கலைந்தது. வாசல்வரை போய்விட்டாள். கதவோரம் மாட்டியிருந்த அரிவாளை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பொங்கல் கழிந்து போய் வாங்கினோம். சின்னம்மாவுக்குக் கருக்கரிவாள், எனக்கு மரப்பிடி போட்ட கறிக்கத்தி. திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ் சோதனை போட்டார்கள். வேறெங்கோ ஓர் ஊரில் வயல் தகராறாம். கான்ஸ்டபிள் என் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"என்னம்மா, இவ்ளோ பெரிய கத்தி?"

"காய் நறுக்கறதுக்கு சார்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் மாறியது. குனிந்து மெதுவாக, "எங்க வாங்குனீங்க? என் வூட்டுல பரங்கிக்கா வெட்டணும்னா தெனம் என்னைத்தான் கூப்புடுறாங்க" என்றார். பொய் சொல்லத்தான் நினைத்தேன். பஸ் புறப்பட வேண்டுமே. உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பின்னாலிருந்த சீட்டுக்காரர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டார்கள். சின்னம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அதன் பலன் வேகமாகவே தெரிந்தது. அடுத்த குறுவை அறுப்புக்குள் எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி அரிவாளில் நண்டு ஏறிவிட்டது. இரண்டு வாய்க்கால் தள்ளி இருந்த அந்த அம்மாள் சண்டைக்கு வந்தாள். சாணை பிடிக்கக் கொடுத்தால் இப்போதெல்லாம் ஒரு மாதம் ஆகிறதாம். வாசலில் நின்று கத்தித் தீர்த்துவிட்டு, உள்ளே வந்து சின்னம்மாவின் அரிவாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "என்னோடதவிட வளைவு கொஞ்சம் நல்லாருக்கு" என்று பொருமினாள். அதிலிருந்து இருவரும் ஒரே வரிசையில்தான் அறுத்தார்கள். யார் முன்னால் போகிறார்கள் என்று பார்க்க மற்றப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்துவிடுவதால், அந்தப் பக்கம் காரியஸ்தருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

என் கத்தியின் கதை வேறு. கொண்டுவந்த அன்றே வீட்டிலிருந்த கத்தரிக்காயை நறுக்கினேன். இடது கைக்கு அது வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. நேராக, மெல்லியதாக, நான் நினைத்த இடத்தில். கத்தரிக்காய் தீர்ந்ததும் வாழைக்காய். அது தீர்ந்ததும் கொல்லையிலிருந்த வாழைத்தண்டு. பக்கத்து வீட்டில் போய், "வெண்டைக்கா இருந்தா குடுங்க, நறுக்கித் தரேன்" என்று கேட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் எங்கள் வீட்டில் எட்டு வீட்டுக்கான காய் நறுக்கிக் கிடந்தது. மறுநாளும் கூட்டு, அதற்கு மறுநாளும் கூட்டு. விதைக்கென்று வைத்திருந்த பூசணிக்காயின் மேல் என் பார்வை போவதைக் கண்ட சின்னம்மா, அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். யார் வீட்டில் ஒளித்து வைத்தாளென்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.